முதல் கியர் எங்கே?

அத்தியாயம் 6

“சாகப் போற மனுஷன் கியர் நாப் வாங்குவானா சார்?”

ரேடியோ கேட்ட கேள்வியில் தப்பில்லை. கேட்ட இடத்தில்தான் தப்பு. எதிர் நாற்காலியில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே நழுவினாள்.

கம்பவுண்டர் இருபத்திரண்டு வருஷம் மருந்துக் கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவர். அதைப் படித்துப் பழகியவருக்கு, மனிதர்கள் மறைப்பதைப் படிப்பது அப்படியொன்றும் கஷ்டமாகத் தெரியவில்லை. அதே கடையின் மாடியில் ஓர் அறை எடுத்துத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். தொழில் மாறியது, பட்டப்பெயர் மாறவில்லை. ரேடியோவுக்கு ஐம்பது வயது. கார் ஓட்டுவது, ஆட்களை விசாரிப்பது, கதவில் பூட்டுப் போடுவது எல்லாம் அவள்தான். ஒருமுறை போட்டால் அணைக்க முடியாது என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய கணவரே.

மேஜைமேல் கியர் கம்பியின் தலையில் திருகுகிற ஒரு கறுப்புக் குமிழ் இருந்தது. பெரிய எலுமிச்சை அளவு. உச்சியில் வெள்ளைக் கோடுகளும் எண்களும் பொறித்திருந்தன.

“நேத்து போலீஸ்ல கையெழுத்துப் போட வரச்சொன்னாங்க சார், காரை எடுத்துக்கலாம்னு” என்றாள் அந்தப் பெண். “வண்டியெல்லாம் நிறுத்தி வச்சிருக்கற அவங்க யார்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் இதுதான் கண்ணுல பட்டுச்சு. அவரோட காருல இருந்தது தோல் வச்சுத் தைச்சது. தையல் பிரிஞ்சு தொங்கும். பதினோரு வருஷமா அதைத்தான் பாத்திருக்கேன். இது அவரோடது இல்ல. கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன்.”

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் கடந்த ஏழு மாதமாக அவள் எதையும் சரியாகப் பார்த்ததாக அவளுக்கே நினைவில்லை.

ஏழு மாதம் முன்பு ஒரு மழை நாள் சாயங்காலம், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், ஏரிக்கரையிலிருந்து பின்பக்கமாக உருண்டு தண்ணீரில் விழுந்தது. இரண்டே இருக்கை. மறுநாள் காலையில் தூக்கியபோது, ஓட்டுகிறவர் இருக்கையில் அவர் இருந்தார். கியர் ரிவர்ஸில் இருந்தது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, ஒவ்வொரு திருகாக மாற்றித் தன் கையாலேயே கட்டி எழுப்பிய கார். பதினோரு வருஷம் ஓட்டியவருக்கு ரிவர்ஸ் எது, முதல் கியர் எது என்று தெரியாமலா போகும்? வேண்டுமென்றே செய்துகொண்டார் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் வீட்டில் சண்டை நடந்திருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

“‘அந்தக் காரா, நாங்களான்னு முடிவு பண்ணிக்கோங்க’ன்னு சொன்னேன்” என்று பத்து நாள் முன்பு, முதல்நாளே அவள் சொல்லிவிட்டாள். “லீவு நாள் முழுக்க அதுக்கு அடியிலேயே படுத்துக் கிடப்பார் சார். கோவத்துல சொல்லிட்டேன். என் பொண்ணும் என் பக்கம் சேர்ந்துக்கிட்டா. ‘வாடா செல்லம், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்’னு கூப்பிட்டார். ‘நான் வரல’ன்னு மூஞ்சைத் திருப்பிக்கிட்டா. இப்ப அவளுக்குப் பத்து வயசு. தினமும் படுக்கறப்போ ஒரே கேள்வி. ‘நான் வரமாட்டேன்னு சொன்னதாலதான் அப்பா போயிட்டாராம்மா?’ என்னை ஊரே பேசட்டும், தாங்கிக்குவேன். அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. அவர் வேணும்னே போனாரா, இல்லையா?”

பத்து நாளாகக் கம்பவுண்டர் சேர்த்ததெல்லாம் வெறுங்கையில் அடங்கும். இப்போது முதல்முறையாகக் கைக்கு ஒரு பொருள் வந்திருக்கிறது.

அவர் குமிழை எடுத்து விளக்கடியில் பிடித்தார்.

“எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இந்த எண்ணெல்லாம் என்ன?”

தண்ணீர்ச் செம்போடு வந்த ரேடியோ எட்டிப் பார்த்தாள். “இடது பக்கம் மேலே ஒண்ணு. அதான் முதல் கியர். அதுக்குக் கீழே ரெண்டு. நடுவுல மூணு, நாலு. வலது பக்கம் மேலே அஞ்சு. கீழே ஆர்னு இருக்கறது ரிவர்ஸ். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் சார்.”

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

“அக்கா சொல்றதுதான். பதினோரு வருஷம் பக்கத்துல உக்காந்து போயிருக்கேன். அவர் கையை எங்கே நகத்தறார்னு பாத்ததே இல்ல.” அவள் குரல் இறங்கியது. “பாத்திருக்கலாம்.”

குமிழைத் தலைகீழாகத் திருப்பினார் கம்பவுண்டர். உள்ளே, மரை தொடங்குகிற இடத்தில், விரல்நகம் அளவு மஞ்சள் ஸ்டிக்கர். பாதி கரைந்திருந்தது. ஸ்டியரிங் படமும் ஒரு தெருவின் பாதிப் பெயரும் மிச்சமிருந்தன.

“ரேடியோ, வண்டியை எடு.”

*

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அகலம். சுவர் முழுக்க ஸ்டியரிங் உறைகள், பெடல் தகடுகள், ஹார்ன்கள். கல்லாவுக்குப் பின்னால் அகலமான மரத் தட்டுகளில் கியர் குமிழ்கள், முட்டைக் கடை போல வரிசையாக.

குமிழைப் பார்த்ததும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. “நம்ம கடை சரக்குதான். மாத்தணுமா?”

“வாங்கினவர் யாருன்னு தெரியணும்” என்றார் கம்பவுண்டர். “சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். ஏழு மாசம் ஆச்சு.”

“ஏழு மாசம் முன்னாடி பாத்த முகமெல்லாம் ஞாபகம் இருக்காது சார். எனக்கு முகமே பதியாது. என் சம்சாரத்தையே கூட்டத்துல தேடுவேன்.”

“நல்லதாப் போச்சு, எங்க வீட்டுக்காரர் மாதிரியே” என்றாள் ரேடியோ. “அவர் தேடவே மாட்டார்.”

கடைக்காரர் சிரித்தார். “கையைக் காட்டினா ஆளைச் சொல்லிடுவேன். இந்த வியாபாரத்துல கையைத்தானே பாக்கறோம். குட்டை விரலா, நீள விரலா, வேர்க்கிற கையா, வறண்ட கையா. அதுக்குத் தகுந்த மாதிரிதான் நாப் குடுக்கணும்.” குமிழைக் கையில் வாங்கி உருட்டினார். “சிவப்புக் காரு... ஆமா. கட்டை விரல் நகத்துல கிரீஸ் கறுப்பு. உள்ளங்கையில இந்த இடத்துல பழைய வெட்டுத் தழும்பு. பிறை மாதிரி.”

மனைவி கல்லாவைப் பிடித்துக்கொண்டாள். “லிஃப்ட் கம்பி அறுத்தது” என்றாள் மெல்ல.

“முக்கால் மணி நேரம் நின்னாரும்மா. அவ்வளவு ஆசையா யாரும் நாப் பொறுக்க மாட்டாங்க. ஸ்டீல் உருண்டையை எடுத்துப் பாத்தார். கனமா இருந்தா கியர் வழுக்கிக்கிட்டு விழும், ஆனா வெயில்ல நிறுத்தினா கை வெந்துடும்னு வச்சுட்டார். மரத்துல ஒண்ணு பிடிச்சிருந்தது, கம்பியோட மரை சேரல. அவரோடது பழைய வண்டி, மரை நெருக்கமா இருக்கும். உயரமும் சரியா இருந்து, மரையும் சேர்ந்தது இது ஒண்ணுதான்.”

“திடீர்னு ஏன் மாத்தணும்னு சொன்னாரா?”

“மறுநாள் வண்டியைக் குடுக்கப் போறாராம். வாங்கறவர் வந்து பாக்கறப்போ கிழிஞ்ச நாப் கையில பட்டா அசிங்கம்னார்.”

“யாருக்குக் குடுக்கறது?” என்றாள் மனைவி. “எதைக் குடுக்கறது?”

“காரைத்தாம்மா. வித்துட்டார். ‘வீட்டுல ரெண்டு பேரும் கட்சி கட்டிட்டாங்க, இனிமே நம்மால தாங்க முடியாது’ன்னு சிரிச்சார். ஒண்ணும் வருத்தமாத் தெரியல. பொண்ணுக்கு சைக்கிள் எந்த அளவு வாங்கணும்னு என்கிட்டயே கேட்டார்.”

கடையில் ஹார்ன் சோதித்துக்கொண்டிருந்த ஆள் ஒருமுறை அழுத்திவிட்டு நிறுத்தினான். மனைவி ஈரமான முகத்தைத் துடைக்கவில்லை. துடைக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் கேட்ட முடிவை அவர் எடுத்துவிட்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொல்வதற்குள் ஒரு சாயங்காலம் குறுக்கே வந்துவிட்டது.

கம்பவுண்டர் குமிழைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “நீங்கதான் மாட்டினீங்களா?”

“நான்தான் திருகினேன். அப்பவே சொன்னேன் சார், அவருக்கும் தெரியும். இதுல போட்டிருக்கற நம்பர் அந்த வண்டிக்குத் தப்பு.”

“தப்புன்னா?”

“அது பந்தயத்துக்குன்னு செஞ்ச கியர்ப் பெட்டி. பந்தயத்துல முதல் கியர் கிளம்பறப்போ ஒரே ஒரு தடவைதான் வேணும். அதனால அதை ஓரமாத் தள்ளி, இடது பக்கம் கீழே வச்சுட்டாங்க. மத்த வண்டியில ரெண்டாவது கியர் இருக்கற இடத்துல இதுக்கு ஒண்ணு.”

“அப்ப இதுல ஒண்ணுன்னு எழுதியிருக்கற இடத்துல, இடது பக்கம் மேலே, அந்த வண்டிக்கு என்ன இருக்கு?”

“ரிவர்ஸ்.”

ரேடியோ எட்டி, குமிழில் ஒன்று என்றிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“நம்பர் இல்லாம மொட்டையா ஒண்ணு வரவழைக்க ஒரு வாரம் ஆகும்னேன். இல்லேன்னா மேலே ஒரு பட்டை ஒட்டி மறைச்சுத் தரட்டுமான்னும் கேட்டேன். அவர்தான் ‘இதை யார் படிக்கப் போறா, வாங்கறவரும் இந்த ரக வண்டி வச்சிருக்கறவர்தான்’னு சொல்லிட்டார். அந்தம்மாவும் நம்பர் இருந்தா அழகா இருக்குன்னாங்க.”

“எந்தம்மா?” இதைக் கேட்டது மனைவி.

கடைக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“கூட ஒருத்தங்க வந்தாங்க. அவங்க பிடிச்சுப் பாத்துச் சரின்னு சொன்னப்புறம்தான் இதை வாங்கினார். நான் வீட்டம்மான்னு நெனச்சேன்.” மனைவியின் கைகளைப் பார்த்தார். “நீங்க இல்ல. சின்னக் கை. நகமெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. விரல் நுனி பத்தும் சுருங்கி வெளுத்துப்போய் இருந்துச்சு, ரொம்ப நேரம் தண்ணியில ஊறின மாதிரி.”

*

காரில் ஏறினார்கள். ரேடியோதான் தாங்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

“துணி துவைக்கிறவங்களா இருக்கும். பாத்திரம் தேய்க்கிறவங்க. சலூன்ல தலை அலசி விடற பொண்ணு. நான் எங்க வீட்டுல...”

“ரேடியோ.”

“அணைச்சுட்டேன் சார்.”

பின் இருக்கையில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். “அவர் வேணும்னே போனாரான்னு கேட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். இப்ப வேற ஒண்ணு கிடைச்சிருக்கு. இதுக்கு அதுவே தேவலையா சார்?”

“அவசரப்படாதீங்கம்மா.” கம்பவுண்டர் திரும்பி உட்கார்ந்தார். “நமக்குத் தெரிஞ்சது ரெண்டு. ஒண்ணு, அந்தக் காரைக் கட்டின உங்க வீட்டுக்காரர் நாப்பைப் பாத்துக் கியர் போட மாட்டார். ரெண்டாவது, யாரோ ஒருத்தர் நாப்பைப் பாத்துத்தான் போட்டிருக்காங்க. முன்னாடி போக நெனச்சு மேலே தள்ளியிருக்காங்க. கார் பின்னாடி போயிடுச்சு. அன்னைக்கு ஓட்டினது அவர் இல்ல.”

“ஆனா ஓட்டற சீட்டுலதானே...”

“அதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களைத் திட்டாதவங்க யாரு?”

“என்ன சார்?”

“சண்டை போட்டு சாகடிச்சுட்டான்னு எல்லாரும் உங்களைச் சொன்னாங்கன்னீங்க. உங்க மாமியார், அவரோட கூட்டாளிங்க, எதிர்வீட்டுக்காரங்க. அவங்கெல்லாம் அவர் தானாப் போனார்னு நம்பினாங்க, அதனால உங்களைக் கொறை சொன்னாங்க. சொல்லாதவங்க யாராவது இருந்தா, அவங்க அதை நம்பலேன்னு அர்த்தம்.”

அவள் யோசிக்கவே இல்லை. அந்த ஒருத்தியிடம்தானே ஏழு மாதமாக அவள் நன்றியோடு இருந்தாள்.

“என் நாத்தனார் மட்டும்தான். அவரோட தங்கச்சி. காரியத்தன்னைக்கு என் மாமியார் எல்லார் முன்னாடியும் என்னைப் பேசினப்போ, குறுக்கே வந்து நின்னா. ‘அண்ணியை ஒரு வார்த்தை சொல்லாதீங்க’ன்னு கத்தினா. இப்பவும் வாரம் தவறாம வந்து பொண்ணுக்குத் தலை பின்னி விட்டுட்டுப் போறா. அவ இல்லேன்னா நான் எப்பவோ...” நிறுத்தினாள்.

“என்ன வேலை பாக்கறாங்க?”

“நீச்சல் குளத்துல. டிக்கெட் குடுக்கற கவுன்ட்டர்.”

“எப்பவும் கவுன்ட்டர்தானா?”

“இல்ல. நீச்சல் சொல்லிக் குடுத்துட்டிருந்தா, பன்னிரண்டு வருஷமா. அண்ணன் தண்ணியில போனதுக்கு அப்புறம் குளத்துல எறங்கவே பிடிக்கலன்னு...”

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. கண்ணாடியில் தன்னையே பார்ப்பவளைப் போல இரண்டு கைகளையும் விரித்து விரல் நுனிகளைப் பார்த்தாள்.

ரேடியோ எதுவும் கேட்காமல் அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினாள்.

*

குளத்தில் கடைசி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குளோரின் வாசனை வாசல்வரை வந்தது. விசில் சத்தம், குழந்தைகளின் கூச்சல், ஈரத் தரையில் ஓடும் கால்கள். கவுன்ட்டர் ஜன்னல் குளத்தைப் பார்த்துத்தான் அமைந்திருந்தது. உள்ளே இருந்தவள் மட்டும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மனைவியையும் ரேடியோவையும் கதவருகே நிறுத்திவிட்டுக் கம்பவுண்டர் தனியாகப் போனார்.

“உங்க அண்ணி அனுப்பினாங்கம்மா. அண்ணனோட கார் விஷயமா.”

முப்பது வயதிருக்கும். அவள் எழுந்து நின்றாள். அவர் குமிழை ஜன்னல் பலகையில் வைத்ததும் அவள் கண்கள் அதைத் தொட்டுவிட்டு உடனே விலகின. காலண்டரைப் பார்த்தன. பிறகு அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தன.

“கார் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அதுல ஏறினதே இல்ல.”

“எனக்கும் வண்டின்னா ஒண்ணும் தெரியாது. யார்டுல வண்டியைத் தள்ளிவிடணுமாம், கேக்கறாங்க. இதுல முதல் கியர் எங்கேம்மா?”

அவள் குமிழைப் பார்க்கவில்லை. இடது கை மட்டும் தானாக எழுந்தது. காற்றில் எதையோ பற்றியது. இடது பக்கம் ஒதுக்கி, கீழே இழுத்தது.

“இப்படி” என்றாள். “இடது பக்கம், கீழே.”

கம்பவுண்டர் குமிழைத் திருப்பி அவளுக்கு நேராக வைத்தார். இடது பக்கம் கீழே, வெள்ளை எழுத்தில், இரண்டு என்று இருந்தது.

“படிக்கத் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் மேலேன்னுதான் சொல்வாங்கம்மா. கீழேன்னு சொல்ல, உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கணும்.”

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள்.

“அண்ணி.”

மனைவி முன்னால் வந்தாள். “சொல்லு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.  பிறகு சொற்கள் கொட்டின.

“விக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டறேன்னு நான்தான் கெஞ்சினேன் அண்ணி. சின்ன வயசுலயே எனக்கு சத்தியம் பண்ணியிருந்தான். ‘அண்ணிகிட்ட ராத்திரி சொல்லிக்கலாம், வித்தாச்சுன்னதும் சந்தோஷப்படுவா, கோவிச்சுக்க மாட்டா’ன்னு சொன்னான். ஏரியைச் சுத்தி நல்லாத்தான் ஓட்டினேன். ‘நம்பரைப் பாக்காத, நான் சொல்றதைக் கேளு’ன்னு சொல்லிக்கிட்டே வந்தான். ஏரிக்கு முதுகைக் காட்டிக் கரையில நிறுத்தினோம். மழை வந்துச்சு. கெளம்பலாம்னான். ரோட்டுல ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே வந்தான், கண்ணாடியெல்லாம் தண்ணி, எனக்குப் பதறிப்போச்சு. குனிஞ்சு பாத்தேன். ஒண்ணுன்னு இருந்தது. மேலே தள்ளிட்டேன்.”

குளத்தில் விசில் ஊதியது. அவள் தோள்கள் ஒருமுறை குலுங்கின.

“அவன் பக்கத்துக் கதவு ஏதோ கல்லுல முட்டித் திறக்கல. என் பக்கத்துக் கண்ணாடி மட்டும் எறங்கியிருந்துச்சு. என் இடுப்பைப் பிடிச்சு அது வழியா வெளியே தள்ளினான். என்னைத் தள்ளறதுக்காகத்தான் என் சீட்டுக்கு வந்தான். அவன் வெளியே வரதுக்குள்ளே கார் முழுசா எறங்கிடுச்சு. மூணு தடவை உள்ளே போனேன் அண்ணி. மூணு தடவை. இருட்டா இருந்துச்சு, சேறு. என்கிட்ட நீச்சல் கத்துக்கிட்டவங்க எத்தனை ஆயிரம் பேர். என் கூடப் பொறந்தவனை என்னால எடுக்க முடியல.”

ரேடியோ சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் கன்னத்தில் வழிந்ததை அவள் மறைக்கவில்லை.

“ஏன் சொல்லல?” என்றாள் மனைவி.

“எப்படி வீடு வந்து சேர்ந்தேன்னே தெரியல. காலையில போலீஸ் வந்து சொன்னப்போ வாயைத் திறந்தேன். அதுக்குள்ளே அம்மா என் மடியிலயே மயங்கி விழுந்துட்டாங்க. நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாள் போலீஸ்காரங்க வந்து, வேணும்னே பண்ணிக்கிட்டார்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு நாளும், நேத்தே சொல்லியிருக்கணும்னு தோணும். நேத்து போயிடுச்சேன்னு இன்னைக்கும் சொல்லாம விட்டுடுவேன்.”

“கியரை மாத்திப் போட்டது தப்பு இல்ல.” மனைவியின் குரல் உயரவில்லை. அதனாலேயே கேட்கக் கஷ்டமாக இருந்தது. “அது யாருக்கும் வரும். நான் ஓட்டியிருந்தா நானும் அதைத்தான் பாத்திருப்பேன். ஆனா நீ வாராவாரம் வந்தே. தலை பின்னி விட்டே. உன் கைக்குக் கீழே உக்காந்துக்கிட்டு, என்னாலதானே அத்தை அப்பா போனார்னு அவ கேட்டிருப்பா. கேட்டாளா, இல்லையா?”

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். “கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“பேச்சை மாத்திட்டேன்.”

வகுப்பு முடிந்து குழந்தைகள் துண்டு போர்த்திக்கொண்டு கவுன்ட்டரைத் தாண்டிப் போனார்கள். ஒரு சிறுமி “டாட்டா மிஸ்” என்றாள். நாத்தனாரால் கையை அசைக்க முடியவில்லை.

கடைசிக் குழந்தை போகிறவரை மனைவி காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “எழுந்திரு. வீட்டுக்கு வா.”

“அண்ணி, அம்மாகிட்ட... போலீஸ்ல...”

“அதெல்லாம் நாளைக்கு. முதல்ல அவகிட்ட சொல்லு. என் வாயால சொன்னா, அழாம இருக்கறதுக்காக அம்மா கதை சொல்றான்னு நெனப்பா. நீ உள்ளே இருந்தே. நீதான் சொல்லணும்.” கம்பவுண்டரிடம் திரும்பினாள். “நீங்களும் வாங்க சார். இவ நடுவுல நிறுத்திட்டா நீங்க முடிக்கணும்.”

*

சிறுமி சாப்பாட்டு மேஜையில் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்குத் துணையிருந்த வேலைக்காரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள். அத்தையைப் பார்த்ததும் சிறுமி நீலப் பென்சிலை வைத்துவிட்டு, “இன்னைக்கு உன் நாள் இல்லையே” என்றாள்.

அத்தை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகத்துக்கு முகம் நேராக இருந்தது.

கம்பவுண்டர் நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டார். ரேடியோ அவருக்கும் பின்னால்.

நாத்தனார் நடுவில் நிறுத்தவில்லை. குழந்தைக்குப் புரிகிற சொற்களில், எதையும் ஒளிக்காமல் சொன்னாள். காரை விற்க இருந்ததைச் சொன்னாள். சைக்கிள் வாங்க இருந்ததைச் சொன்னாள். தான் ஓட்டியதை, தான் மாற்றிப் போட்டதைச் சொன்னாள். “நீ வரலேன்னு அப்பாவுக்குக் கோவமே இல்ல. ‘அவ அம்மா கட்சி, விடு’ன்னு சிரிச்சார்.”

சிறுமி அசையாமல் கேட்டாள். பத்து வயதுக்கு அது மிக நீளமான பேச்சு. வண்ணம் தீட்டிய கடலின்மேல் அவள் விரல் மெல்லத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“உன்னை வெளியே தள்ளினப்போ அப்பா ஏதாவது சொன்னாரா?”

 இதை அத்தை குளத்தில் சொல்லியிருக்கவில்லை. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

“சொன்னார். தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு. ‘நீ போ, நான் பின்னாடியே வந்துடறேன்’னு சொன்னார்.”

சிறுமி நாற்காலியிலிருந்து இறங்கினாள். அத்தையைத் தாண்டி, சுவரோரம் நின்றிருந்த அம்மாவிடம் வந்தாள். அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் காது கேட்காமல் போயிருக்குமோ என்று பயந்தவளைப் போல, ஒவ்வொரு சொல்லாக, பொறுமையாகச் சொன்னாள்:

“அம்மா, அப்பா வர்றேன்னுதான் சொல்லியிருக்காரு.”